கவிஞர் பெயரை மறைத்த வாத்தியார்

பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சையில் நயம் பாராட்டுக என்று ஒரு கேள்வி வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒரு கவிதையைக் கொடுத்து அதன் நயங்களை எழுதச் சொல்வார்கள். கவிதை நாம் அதுவரை பார்க்காததாக இருக்கும். ஆனால் பதில் மட்டும் முதல் நாள் ராத்திரியே தயார்! திரண்ட கருத்து, எதுகை நயம், மோனை நயம், சந்த நயம், அணி நயம், சுவை என்று தலைப்புகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே மனப்பாடம் செய்து வைத்த இரண்டு வரிகளை எழுதி, நடுநடுவே கவிதையிலிருந்து நாலு சொற்களைப் பிடித்து ஒட்டவைத்தால் போதும். மார்க் விழுந்துவிடும். கவிஞர் கற்கண்டுச் சொற்களால் நெஞ்சை அள்ளுகிறார் என்று நானும்தான் எழுதியிருக்கிறேன். எந்தச் சொல், என் நெஞ்சை எங்கே அள்ளியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன்.

அப்படிக் கேட்ட ஒரு வாத்தியார் இருந்திருக்கிறார். பெயர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ். இலக்கியம் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். எனக்கு அவர் அறிமுகமானது இலக்கியத்தின் வழியாக அல்ல. கன்ட்ரோல் இன்ஜினியரிங்கில் நாம் படித்த ஃபீட்ஃபார்வர்ட் என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தேடப் போனேன். போன இடத்தில் ஒரு ஆங்கிலப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். இது என்னடா கூத்து என்று பின்தொடர்ந்து படித்ததில் கிடைத்த மனிதரைத்தான் இந்த மலரில் உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன்.

மலையேறப் புறப்பட்டவர்

ஐவர் ஆம்ஸ்ட்ராங் ரிச்சர்ட்ஸ் 1893 பிப்ரவரி 26-ஆம் தேதி இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் சாண்ட்பாக் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கெமிக்கல் இன்ஜினியர். நம்ம ஜாதி! ஆனால் மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். பிரிஸ்டலில் கிளிஃப்டன் கல்லூரி என்ற பள்ளியில் படித்தார். இளம் வயதிலேயே காசநோய் பிடித்தது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. நல்ல காற்று ஒன்றுதான் வைத்தியம். அப்படி வேல்ஸ் நாட்டு மலைப்பக்கம் போனவருக்கு மலையேற்றத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது. நோய் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. மலைப் பைத்தியம் மட்டும் கடைசிவரை விடவே இல்லை.

கேம்பிரிட்ஜில் மாக்டலன் கல்லூரியில் சரித்திரம் படிக்கத்தான் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அது பிடிக்காமல் தத்துவத்துக்கு மாறி, 1915-இல் முதல் வகுப்பில் தேறினார். மறுபடி காசநோய். முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் கையில் வேலை இல்லை. ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவில் மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போய்விடலாம் என்று முடிவு செய்து, சிபாரிசுக் கடிதம் கேட்டு மான்ஸ்ஃபீல்ட் ஃபோர்ப்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியரிடம் போனார். ஃபோர்ப்ஸ் அப்போதுதான் அங்கே புதிதாக முளைத்திருந்த ஆங்கில இலக்கியப் பாடப்பிரிவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சு முடிந்தபோது சிபாரிசுக் கடிதத்துக்குப் பதில் ரிச்சர்ட்ஸுக்கு லெக்சரர் வேலை கிடைத்திருந்தது.

வேலை என்றால் சம்பள வேலை அல்ல. வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவருக்கு இத்தனை ஷில்லிங் என்று கணக்கு. ஆள் வந்தால் காசு, வராவிட்டால் பட்டினி! இன்றைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தால் நம்முடைய சில பழைய வகுப்புகளின் கதி என்னவாகியிருக்கும் என்று உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். ரிச்சர்ட்ஸ் வகுப்பில் கூட்டம் நிரம்பி வழிந்தது.

மாடிப்படியில் பிறந்த புத்தகம்

1918 நவம்பர் 11. யுத்தம் முடிந்த நாள். கேம்பிரிட்ஜ் முழுக்கக் கொண்டாட்டம். அந்த வெறியில் ஒரு மாணவர் கூட்டம் சி.கே. ஆக்டன் என்பவரின் கடையை அடித்து நொறுக்கியது. யுத்தத்துக்கு எதிரான குரல்களுக்கும் தன் பத்திரிகையில் இடம் கொடுத்தார் என்பது அவர் செய்த குற்றம். உடைத்தவர்களை அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்க ஆக்டன் ரிச்சர்ட்ஸைத் தேடி வந்தார். அந்த ராத்திரி மாடிப்படியில் நின்றபடியே பேச்சு எங்கெங்கோ போய், ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்பது எப்படி வருகிறது என்ற கேள்வியில் வந்து நின்றது. மணிக்கணக்காகப் பேசினார்கள். அர்த்தத்தின் அர்த்தம் என்று பெயர் வைத்து இருவரும் சேர்ந்து 1923-இல் வெளியிட்ட புத்தகத்துக்கு விதை விழுந்தது அங்கேதான்.

சொல்லுக்கும் பொருளுக்கும் நேர் கம்பி இணைப்பு கிடையாது, நடுவில் ஒரு மனித மனம் இருக்கிறது என்பது அந்தப் புத்தகத்தின் சாரம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் மாடிக்கு வெளியே நடந்ததை யோசித்துப் பாருங்கள். நாலு வருஷமாகத் தேசம், மானம், வெற்றி என்ற சொற்களைச் சொல்லி லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சாகக் கொடுத்திருந்தார்கள். அச்சில் வந்ததைப் படித்தவன் என்ன புரிந்துகொள்கிறான் என்பது அந்த இருவருக்கும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

அந்தச் சோதனை

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1920-களில் ரிச்சர்ட்ஸ் தன் வகுப்பில் ஒரு சோதனை நடத்தினார். லேப், கருவி எதுவும் கிடையாது. அச்சடித்த தாளில் சில கவிதைகள். தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, காலம் இல்லை. மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் வைத்துப் படிக்கலாம். எத்தனை தடவை உட்கார்ந்து படித்தோம் என்பதைக் குறித்துவிட்டு, மனசில் பட்டதை எழுதித் தர வேண்டும். எழுதுகிறவரும் பெயர் போட வேண்டாம். நல்ல பையன் என்று பெயர் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை, வாத்தியாருக்குப் பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை. தன் அபிப்பிராயத்தையும் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. தாள்கள் திரும்பி வந்ததும் அவற்றையே அடுத்த வாரப் பாடமாக வைத்துப் பேசினார்.

எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பெரும்பாலோர் ஆங்கில இலக்கியத்தையே பாடமாக எடுத்து கேம்பிரிட்ஜில் இடம் பிடித்த கெட்டிக்காரர்கள். முடிவு? புகழ்பெற்ற ஜான் டன்னின் கவிதை பலருக்குப் பிடிக்கவில்லை. ஹாப்கின்ஸின் கவிதையைப் பலர் புரியாமலேயே ஒதுக்கினார்கள். டி.எச். லாரன்ஸ் தன் அம்மா பியானோ வாசித்த நாட்களை நினைத்து எழுதியதை வெறும் அழுமூஞ்சிக் கவிதை என்று தள்ளினார்கள். இன்றைக்கு யாருக்கும் நினைவில்லாத கவிஞர்கள் சிலருக்கு அமோகப் பாராட்டு கிடைத்தது. அட்டையில் பெயர் இருந்தால் கையெடுத்துக் கும்பிடப்பட்டிருக்கும் லாங்ஃபெல்லோவின் கவிதைதான் எல்லாவற்றையும்விட அதிக அடி வாங்கியது.

சிரிக்காதீர்கள். நம் ஹாஸ்டலில் ஒரு சினிமாப் பாட்டைக் கேட்டு, கண்ணதாசன் கண்ணதாசன்தான் என்று ஒரு மணி நேரம் உருகினோம். பாட்டை எழுதியது வேறொருவர் என்று தெரிந்ததும் அதே வரிகளில் ஓட்டை கண்டுபிடிக்க ஆரம்பித்தோம். பாட்டு மாறவில்லை. லேபிள்தான் மாறியது.

ரிச்சர்ட்ஸ் மாணவர்களைக் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு மெஷின் தப்பாக ஓடினால் நாம் என்ன செய்வோம்? திட்டிக்கொண்டிருக்க மாட்டோம். எங்கே, எந்த இடத்தில் தப்பு நடக்கிறது என்று ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் பார்ப்போம். அவர் அந்தத் தாள்களை அப்படித்தான் பிரித்துப் பார்த்தார். 13 கவிதைகளையும், அவற்றுக்கு வந்த பதில்களையும், தன் ஆய்வையும் சேர்த்துச் செய்முறைத் திறனாய்வு என்ற பொருளில் பெயரிட்டு 1929-இல் புத்தகமாக வெளியிட்டார்.

எங்கே சறுக்குகிறோம்

படிப்பவர் சறுக்கும் இடங்கள் பத்து என்று அவர் பட்டியல் போட்டார். எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது. முக்கியமானவற்றை என் பாணியில் சொல்கிறேன்.

முதல் சறுக்கல், நேர்ப்பொருளே புரியாதது. எழுவாய் எது, பயனிலை எது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதிப் பேர் தடுக்கி விழுந்தார்கள். வாக்கியத்தைப் புரிந்துகொள்ளாமலே நயம் பாராட்டியிருந்தார்கள். அடடா, எங்கேயோ கேட்ட கதை!

அடுத்தது, சொந்த நினைவு குறுக்கே வந்து விழுவது. கவிதையில் ஆறு வந்தால், நம் ஊர் ஆறும், அதில் முங்கிப் போகப் பார்த்த நாளும் ஞாபகம் வரும். அதற்கப்புறம் நாம் படிப்பது கவிஞரின் ஆற்றை அல்ல.

இன்னொன்று, ரெடிமேட் உணர்ச்சி. தாய், தாய்நாடு, மழலை, மரணம் என்ற சொல்லைப் பார்த்ததுமே உள்ளே ஒரு ஸ்விட்ச் தட்டப்பட்டு, தயாராக இருக்கிற கண்ணீர் கொட்டும். கவிதை அங்கே புதிதாக என்ன சொல்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. உணர்ச்சி வசப்பட்டால் நம்மை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, எதைப் பார்த்தாலும் விறைத்துக்கொண்டு நிற்பது. லாரன்ஸ் கவிதையை அழுமூஞ்சி என்று தள்ளியவர்களில் பலருக்கு வந்தது இந்த நோய்தான். தான் அழப்போகிறோம் என்பது அந்தக் கவிஞருக்கே தெரியும், அதோடு அவர் மல்லுக்கட்டுகிறார் என்பதைக் கவனிக்கும் அளவுக்கு அவர்கள் நின்று படிக்கவில்லை.

கடைசியாகக் கொள்கைப் பிடிப்பு. கவிஞருடைய நம்பிக்கை நமக்கு ஒத்துவராவிட்டால் கவிதையும் மோசம். ஒத்துவந்தால் எத்தனை சுமாரான கவிதையும் அற்புதம்.

இதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். எந்தப் பேச்சிலும் எழுத்திலும் அர்த்தம் நாலு வகையாக ஒரே சமயத்தில் ஓடுகிறது. சொல்லும் செய்தி ஒன்று. அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்பவரின் உணர்ச்சி ஒன்று. கேட்பவரை அவர் எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறார் என்ற தொனி ஒன்று. எதற்காகச் சொல்கிறார் என்ற நோக்கம் ஒன்று. இந்த நாலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் படித்ததாக ஆகாது.

இது கவிதைக்கு மட்டுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை குறை சொல்லி எழுதியவர்கள் அவர்கள். லெட்டர்ஹெட்டைப் பார்த்ததுமே எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. காரசாரமாக ஒரு பக்கத்துக்குப் பதில் தயார் செய்து மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் என் பதிலைப் படிக்கவில்லை. வந்த கடிதத்தை எடுத்து, இதை எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டு தம்பி என்றார். படித்தேன். மூன்றாவது வரியிலேயே குரல் இறங்கிவிட்டது. அவர்கள் குறை சொல்லவே இல்லை. ஒரு வால்வின் அளவைக் கேட்டு, முன்பு செய்துகொடுத்த உதவிக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். நான் படித்தது கடிதத்தை அல்ல, என் கோபத்தை. அன்றைக்கு எனக்கு ரிச்சர்ட்ஸ் யாரென்று தெரியாது. பிறகு அவரைப் படித்தபோது அந்தக் கடிதம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

பிடி பார்த்து ஏறுவது

வகுப்பறையில் இந்தச் சோதனை ஓடிய அதே காலத்தில் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1926 கடைசி நாளில் ஹொனலுலுவில் டாரதி பில்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மையார் அந்தக் காலத்தின் முன்னணி மலையேறி. 1928-இல் கணவன் மனைவி இருவரும் ஜோசஃப், ஆண்டுவான் ஜார்ஜ் என்ற வழிகாட்டிச் சகோதரர்களுடன் சுவிட்சர்லாந்தின் டான் பிளான்ஷ் சிகரத்தை அதன் வடக்கு முகடு வழியாக ஏறினார்கள். உயரம் 4,357 மீட்டர். அந்த வழியாக அதுவரை யாரும் ஏறியது கிடையாது. காசநோய் தின்ற நுரையீரலோடு!

பாறையில் ஏறுகிறவர் ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பார்த்துத்தான் எடையைப் போடுவார். இங்கே பிடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையை வைத்தால் கதை முடிந்தது. ஒரு வாக்கியத்தை அவர் எப்படிப் படித்திருப்பார் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

கைதட்டிய சீன மாணவர்கள்

1929-இல் பீஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே தாமஸ் ஹார்டியின் டெஸ் நாவலை வகுப்பில் வைத்தார். கடைசி அத்தியாயம். கதாநாயகி தூக்கிலிடப்பட்டதன் அடையாளமாகக் கறுப்புக் கொடி ஏறுகிறது. இங்கிலாந்தில் இந்த இடத்தில் வகுப்பே கலங்கிப்போகும். சீன மாணவர்களோ கைதட்டினார்கள்! ரிச்சர்ட்ஸ் அதிர்ந்துபோனார். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. கதையின் ஆரம்பத்திலேயே அந்தப் பெண் தன் அப்பாவுக்குக் காட்ட வேண்டிய மரியாதையைக் காட்டவில்லை. அப்படிப்பட்ட மகளுக்கு ஆசிரியர் எப்போது தண்டனை தருவார் என்று அவர்கள் புத்தகம் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள். கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டது, கைதட்டினார்கள்.

இங்கே எதைச் சறுக்கல் என்பது? வாக்கியம் புரியாமல் இல்லை. கவனம் குறைவாகவும் இல்லை. வளர்ந்த வீடு வேறு, அவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் மாணவர்களின் தப்பைக் கண்டுபிடித்த மனிதர், இங்கே தன் வாசிப்பும் ஒரு வீட்டில் வளர்ந்த வாசிப்புதான் என்பதைப் பார்க்க வேண்டியதாயிற்று. அதோடு நிற்காமல், சீன ஞானி மென்சியஸின் நூலை எடுத்துக்கொண்டு, ஒரு மொழியின் சிந்தனையை இன்னொரு மொழிக்காரன் எவ்வளவு தூரம் புரிந்துகொள்ள முடியும் என்று ஆராய்ந்து 1932-இல் தனிப் புத்தகமே எழுதினார்.

850 சொற்கள்

பழைய நண்பர் ஆக்டன் 1930-இல் 850 சொற்களை மட்டும் வைத்து பேசிக் இங்கிலீஷ் என்ற எளிய ஆங்கிலத்தை உருவாக்கியிருந்தார். உலகத்து ஜனங்கள் ஒருவரை ஒருவர் தப்பாகப் படிப்பதை நிறுத்த இது உதவும் என்று ரிச்சர்ட்ஸ் நம்பினார். கேம்பிரிட்ஜில் நல்ல பெயர், நல்ல பதவி. எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, சீனப் பள்ளிகளில் இதைக் கொண்டுவர 1936-இல் மறுபடி சீனா போனார். ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது 1937 ஜூலையில் ஜப்பான் படையெடுப்பு தொடங்கியது. வருஷக்கணக்கில் போட்ட உழைப்பு கண்ணெதிரே சிதறிப்போயிற்று. இலக்கிய உலகத்தில் உச்சியில் இருந்த மனிதர் எதற்காக இப்படி ஆரம்பப் பாடம் நடத்தப் போய்ச் சீரழிகிறார் என்று பேசியவர்களும் உண்டு. ஆங்கிலம் பரப்புவது ஆங்கிலேயர் ஆதிக்கத்தைப் பரப்புவதுதானே என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1943-இல் சர்ச்சில் இந்த 850 சொல் ஆங்கிலத்தை மேடையில் ஆதரித்துப் பேசியது இந்தச் சந்தேகத்தை இன்னும் வளர்த்துவிட்டது.

1939-இல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய் 1963-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். கிறிஸ்டின் கிப்சன் என்பவரோடு சேர்ந்து, குச்சி மனிதர்களின் படங்களை வைத்து ஆங்கிலம் கற்றுத்தரும் சிறிய புத்தகங்களைத் தயாரித்தார். படத்தைப் பார், வாக்கியத்தைப் படி, அடுத்த படத்தில் என்ன வரும் என்று நீயே ஊகி. இதுதான் முறை. பிளேட்டோவின் குடியரசு நூலையும் எளிய ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தார். கடினமான கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர் முன் வைத்த அதே கை, குச்சிப் படங்களையும் வரைந்தது. இரண்டும் ஒரே வேலை என்று அவர் நினைத்தார்.

இன்ஜினியர்களின் கூட்டத்தில் ஒரு இலக்கியவாதி

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். 1951-இல் அமெரிக்காவில் சைபர்னெடிக்ஸ் பற்றி நடந்த மேசி மாநாடுகளின் எட்டாவது கூட்டம். தகவல் கொள்கையின் தந்தை கிளாட் ஷானன், புதிர்ப் பாதையில் தானே வழி கண்டுபிடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து காட்டிய கூட்டம் அது. அதே கூட்டத்தில் ரிச்சர்ட்ஸ் மொழியையும் அர்த்தத்தையும் பற்றிப் பேசினார். ஃபீட்பேக் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அதற்கு முன்னாடி ஒன்று வேண்டுமே என்றார் இவர். அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஃபீட்ஃபார்வர்ட்.

பாய்லர் டிரம் லெவல் கன்ட்ரோல் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் மட்டம் இறங்கினபிறகு வால்வைத் திறப்பது ஃபீட்பேக். நீராவி அதிகமாகப் போக ஆரம்பித்ததுமே, மட்டம் இறங்கப்போகிறது என்று முன்கூட்டி வால்வைத் திறப்பது ஃபீட்ஃபார்வர்ட். படிக்கிறவன் மனசும் அப்படித்தான் என்றார் ரிச்சர்ட்ஸ். ஒரு வரியைப் படிக்கும் முன்பே அதில் என்ன இருக்கப்போகிறது என்று ஒரு எதிர்பார்ப்பை முன்னால் அனுப்பிவிடுகிறோம். எதிர்பார்ப்பு இல்லாமல் யாராலும் படிக்கவே முடியாது. ஆனால் அந்த எதிர்பார்ப்பு சரியா என்று வரியிடமே திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கேட்காமல் விட்டால்? வாடிக்கையாளர் கடிதத்தைப் படித்த என் கதைதான்.

அவருக்குப் பின்

அவருடைய மாணவர்களில் வில்லியம் எம்ப்ஸன் முக்கியமானவர். கணிதம் படித்துவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர். ரிச்சர்ட்ஸிடம் ஒரு கவிதையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அது வளர்ந்து, ஒரே வரிக்குப் பல அர்த்தங்கள் வருவதைப் பற்றிய பெரிய புத்தகமாக 1930-இல் வந்தது. அப்போது எம்ப்ஸனுக்கு வயது 24. அவருடைய வகுப்பில் உட்கார்ந்த இன்னொருவர் எஃப்.ஆர். லீவிஸ். பிற்பாடு தானே ஒரு பெரிய பரம்பரையை உருவாக்கினார்.

மாற்றுக் கருத்துகளும் வந்தன. அமெரிக்காவில் லூயிஸ் ரோஸன்பிளாட் 1938-இல் எழுதிய புத்தகத்தில், படிப்பவர் கொண்டுவரும் வாழ்க்கை அனுபவத்தை வெறும் குறுக்கீடாகப் பார்க்கக் கூடாது, அதுவும் எழுத்தும் சந்திக்கும் இடத்தில்தான் கவிதையே உண்டாகிறது என்றார். 1971-இல் ஸ்டான்லி ஃபிஷ் செய்தது இன்னும் வேடிக்கை. முந்தைய வகுப்புக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்த சில மொழியியலாளர்களின் பெயர்ப் பட்டியலைச் சுற்றிக் கட்டம் போட்டு, இது ஒரு பக்திக் கவிதை என்று அடுத்த வகுப்பிடம் சொன்னார். மாணவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஆன்மிக விளக்கம் கொடுத்துப் பிரமாதப்படுத்திவிட்டார்கள். கவிதை என்று சொன்னால் எதிலும் கவிதையைக் கண்டுபிடிப்போம் என்றால், பெயரை மட்டும் மறைத்து என்ன பயன் என்ற கேள்வி ரிச்சர்ட்ஸுக்கு எதிராக எழுந்து நிற்கிறது. பெயரும் காலமும் தெரிந்தால்தான் சில கவிதைகளே புரியும் என்பதும் உண்மை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோகம் வேறு. அவர் கண்டுபிடித்த முறையே பரீட்சைக் கேள்வியாகிவிட்டது. முன்பின் தெரியாத கவிதையைக் கொடுத்து எழுதச் சொல்வது பல பல்கலைக்கழகங்களில் தனித் தாளாயிற்று. தாள் வந்தால் மார்க் வரும். மார்க் வந்தால் நோட்ஸ் வரும். நோட்ஸ் வந்தால் முதல் நாள் ராத்திரி மனப்பாடமும் வந்துவிடும். மனப்பாடத்தை உடைக்கப் போட்ட கோடரிக்கும் கடைசியில் மனப்பாடக் காம்பே பூட்டிவிட்டார்கள். நம் நயம் பாராட்டுக கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் வைத்தவர் மனசில் எத்தனை நல்ல நோக்கம் இருந்திருக்கும்!

கடைசிப் பயணம்

ரிச்சர்ட்ஸ் வயதான பிறகு கவிதை எழுத ஆரம்பித்தார். முதல் கவிதைத் தொகுப்பு 1958-இல் வந்தபோது வயது 65. ஊரார் கவிதையை எல்லாம் அறுத்துப் பார்த்தவர் தன் கவிதையையும் அறுவைக்குக் கொடுத்தார். அந்தத் துணிச்சலுக்கே ஒரு சலாம் போடலாம். 1974-இல் மனைவியோடு கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார்.

1979-இல் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. வயது 86. வேறு யாராயிருந்தாலும் நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருப்பார்கள். இவர் கிளம்பிவிட்டார். 40 வருஷத்துக்கு முன் யுத்தத்தில் சிதறிய வேலை பாக்கி இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அங்கேயே உடம்பு கடுமையாகக் கெட்டுப்போய், இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்துவரப்பட்டு, செப்டம்பர் 7-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் காலமானார்.

தம்பி தங்கைகளுக்கு

இன்றைக்குக் கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கைப்பேசியில் தினமும் காலையில் ஒரு பொன்மொழி வந்து விழுகிறது. அடியில் அப்துல் கலாம் படம். அவர் எங்கே, எப்போது சொன்னார் என்று யாரும் பார்ப்பதில்லை. பெயரைப் பார்த்தோம், கும்பிட்டோம், பத்துப் பேருக்கு அனுப்பினோம். இன்னொரு செய்தி வருகிறது. அனுப்பியவர் எந்தக் கட்சி, எந்த ஊர் என்று பார்த்ததுமே படிக்காமலே கோபம் வருகிறது. ரிச்சர்ட்ஸ் அன்றைக்கு 13 கவிதைகளை வைத்துக் கண்டுபிடித்த அத்தனை சறுக்கலும் இதில் இருக்கிறது. அன்று சறுக்கினால் ஒரு கவிதைக்குத்தான் நஷ்டம். இன்று சறுக்கினால் தெருவில் கல் பறக்கிறது.

நமக்கு எதற்கு இந்த இலக்கியக் கதை, நாம் இன்ஜினியர்கள் என்று சொல்லாதீர்கள். டிராயிங்கைப் படிக்கிறோம், டெண்டரைப் படிக்கிறோம், விபத்து அறிக்கையைப் படிக்கிறோம், வீட்டில் அம்மாவின் முகத்தைப் படிக்கிறோம். எல்லாவற்றிலும் நாலு அர்த்தமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் சங்கத்துக்கு என் யோசனை ஒன்று. அடுத்த சந்திப்பில் பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து இதைச் செய்து பார்ப்போம். ஒரே ஒரு பக்கம். கவிதையோ, கட்டுரையோ, செய்தியோ. பெயர் கிடையாது. ஒரு வாரம் முன்னதாகவே எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம். பழைய மாணவரும் புதிய மாணவரும் மனசில் பட்டதைப் பெயர் போடாமல் எழுதிவரட்டும். மார்க் கிடையாது, பரிசு கிடையாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம். ஒரே பக்கத்தை நாம் எத்தனை விதமாகப் படித்திருக்கிறோம் என்று பார்ப்போம். சிரிப்பு வரும், கொஞ்சம் வெட்கமும் வரும்.

பிளஸ் டூவில் நான் நயம் பாராட்டிய அந்தக் கவிதை எதுவென்று எவ்வளவு யோசித்தும் இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. அதற்கு வாங்கிய மார்க் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.